மனைப்பிரிவுகள் பெருகினால் ஊருக்கு நல்லதுதானே?

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2024

"எங்கள் ஊரைச் சுற்றி மனைப்பிரிவுகள் வருவதைச் சிலர் எதிர்க்கிறார்கள். எனக்கு விளங்கவில்லை. வீடு வந்தால் வீட்டுவரி வரும். வரி வந்தால் சாலை, விளக்கு, தண்ணீர் எல்லாம் வரும். கடை வரும், பஸ் வரும், நிலத்துக்கு விலை ஏறும். நூறு வீடு இருந்த இடத்தில் ஆயிரம் வீடு வந்தால் ஊராட்சிக்குப் பத்து மடங்கு வருமானம் இல்லையா? இதில் ஊருக்கு என்ன நட்டம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

4 ஆகஸ்ட், இரவு

எங்கள் ஊரில் நிலத்துக்கு விலை ஏறியது. பஸ் வரவில்லை. மீதியை நாளை எழுதுகிறேன்.

5 ஆகஸ்ட்

எங்கள் ஊர் வண்டலூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிற ஊராட்சி. பெயர் வேண்டாம். இந்த வரிசையில் எந்த ஊரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

உங்கள் கணக்கில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. கிராம ஊராட்சியில் ஒரு சாதாரண வீட்டுக்கு வருகிற வரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். காலி மனையிலிருந்து எங்கள் ஊராட்சிக்கு ஒரு காசு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மனைப்பிரிவு போட்டால் முதல் பத்து ஆண்டுகளுக்குப் பாதிக்கு மேல் காலி மனைதான். வாங்கியவர் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார். ஆனால் தெருவிளக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே எரிய வேண்டும். அதன் மின்கட்டணம் ஊராட்சியின் தலையில்.

வரியைவிடப் பெரிய தொகை ஊராட்சிக்கு வருவது மேலிருந்து: மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம். இரண்டும் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. எந்த ஆண்டின் மக்கள்தொகை? இதை எழுதும் 2024இலும் 2011தான். அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவில் தள்ளிப்போனது, 2024 ஆகியும் நடக்கவில்லை. ஆக, 2011க்குப் பிறகு எங்கள் ஊரில் குடியேறிய ஒவ்வொருவரும் தண்ணீர் குடிக்கிறார், குப்பை போடுகிறார், தெருவில் நடக்கிறார். மானியக் கணக்கில் மட்டும் அவர் இல்லை. இதற்கு அவரும் பொறுப்பல்ல, ஊராட்சியும் பொறுப்பல்ல.

5 ஆகஸ்ட், மாலை

காலையில் எழுதியதில் ஒரு வருமானத்தைச் சேர்க்கவில்லை. பத்திரம் பதியும்போது கட்டுகிற 7 விழுக்காட்டில் 2 விழுக்காடு உள்ளாட்சிக்கான சொத்து மாற்றத் தீர்வை. மனை மும்முரமாக விற்கிற காலத்தில் இது கணிசமான தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் மனை ஒருமுறை விற்கும், தீர்வையும் ஒருமுறை வரும். குழாயும் விளக்கும் குப்பை வண்டியும் ஆண்டு முழுவதும், தலைமுறைக்கும் வேண்டும். ஒருமுறை வருகிற பணத்தை நம்பி மாதாமாதம் செலவை ஏற்றிக்கொள்வதுதான் எங்கள் ஊரில் நடந்தது.

11 ஆகஸ்ட்

மேலே ஒருவர், "அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் எல்லா வசதியும் பார்த்துத்தானே அனுமதிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

2016க்கு முன்னால் எங்கள் பக்கம் விற்ற மனைகளில் பெரும்பாலானவை 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனைகள். தலைவர் ஒரு வரைபடத்தில் முத்திரை குத்திக் கொடுப்பார். அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் அவருக்கு அதிகாரம் கிடையாது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உத்தரவிட்டபோதுதான் ஊரே விழித்துக்கொண்டது. மறு ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் போட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். காகிதம் ஒழுங்கானது. பன்னிரண்டு அடித் தெரு பன்னிரண்டு அடியாகவே இருக்கிறது. தீயணைப்பு வண்டி அதற்குள் திரும்பாது.

இப்போது போடுகிற மனைப்பிரிவுகள் முறைப்படி வருகின்றன. 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் போட்டால், சாலை போக மீதிப் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்ட வழி இருக்கிறது. 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எங்கள் ஊரில் பத்து ஏக்கர் நிலம் ஒரே மனைப்பிரிவாக வந்ததே இல்லை. இரண்டேகால் ஏக்கர், இரண்டேகால் ஏக்கராக, பக்கத்துப் பக்கத்தில், வேறு வேறு நகர்ப் பெயரில் வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டதே. சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது இதைத்தான்: ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு கோப்பு இருக்கிறது, மொத்த ஊருக்கு ஒரு கோப்பு இல்லை.

15 ஆகஸ்ட்

இன்று கிராம சபை. தண்ணீர்ப் பேச்சிலேயே முடிந்தது.

எங்கள் பழைய மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கிராமத்து மனிதருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள், ஒருமுறை நிரப்பினால் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குக் காணும். இப்போது அதைக் காலையிலிருந்து இரவு வரை நிரப்பி, திறந்து, மறுபடி நிரப்புகிறார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் வந்திருக்கிற அடுக்குமாடிக்கோ ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டுத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அவர்கள் குற்றமில்லை, நகர்ப்புற அளவு அது. ஆனால் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் இறங்குவது ஒரே பாறை இடுக்கில். எங்களுடையது 1990களில் போட்டது, அவர்களுடையது அதைவிட மூன்று மடங்கு ஆழம். கோடையில் எது முதலில் வற்றும் என்று சொல்லத் தேவையில்லை.

தொட்டி ஆபரேட்டர் அண்ணனைப் பற்றியும் எழுத வேண்டும். ஊரின் அத்தனை வால்வுகளும் அவர் கையில். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்றுத் திறந்தால் கடைசி வீட்டுக்குப் போகும் என்பது அவருக்கு மட்டும் தெரியும், எங்கும் எழுதி வைக்கவில்லை. புதுத் தெருக்களுக்கு இழுத்த குழாய்கள் எல்லாம் பழைய குழாயின் நுனியில் மாட்டியவை. அதனால் மேட்டுத் தெருவுக்கு ஏற்ற வேண்டுமானால் பள்ளத் தெருவை மூடியாக வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் மூடியைத் தூக்கி, குழிக்குள் கையை விட்டு, திருகியபடியே குழாயில் காதை வைத்துக் கேட்பார். தண்ணீர் ஓடும் சத்தத்தை வைத்தே, "போயிடுச்சு, தம்பி" என்பார். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை அவருக்குத்தான் போகிறது. பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிவு இருக்கிறது!

அவருடைய சம்பளம் தொட்டிக்குத்தான், குழாயின் நீளத்துக்கு அல்ல.

16 ஆகஸ்ட்

"2019இல் நகரமே வற்றியது, கிராமத்தை மட்டும் சொல்வானேன்?" என்ற கேள்விக்கு: உண்மை. அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆனால் ரயில் வந்தது நகரத்துக்கு. நகரத்துக்கு ஓடிய தனியார் லாரிகள் தண்ணீர் எடுத்தது எங்களைப் போன்ற ஊர்களின் வயல் கிணறுகளில். இரவெல்லாம் 12,000 லிட்டர் லாரிகள் ஓடி எங்கள் ஒன்றியச் சாலை உடைந்தது. அந்தச் சாலைக்கு அடுத்த தார் விழ நெடுநாள் ஆனது.

27 ஆகஸ்ட்

சுகாதார நிலையம் பற்றிக் கேட்ட சகோதரிக்கு.

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். இது அளவுகோல். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஒரே கிராம சுகாதாரச் செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி நாளில் போய்ப் பாருங்கள். திண்ணையில் இடமில்லாமல் தாய்மார்கள் வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்தி, அதற்குள்ளேயே குழந்தையை மடியில் போட்டுக் காத்திருக்கிறார்கள். குளிர்ப்பெட்டியில் வருகிற மருந்து பழைய பட்டியலின்படி வருவதால் சில சமயம் பாதியில் தீர்ந்துவிடும்.

பட்டியலை அவர் எப்படித் தயாரிப்பார்? வீடு வீடாகப் போய்த்தான். அடுக்குமாடியில் வாயில்காவலர் உள்ளே விடுவதில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் பதினொரு மாதத்தில் மாறிவிடுகிறார்கள். கருவுற்ற பெண்ணுக்குப் பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) இல்லாவிட்டால் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. அதற்காகத்தான் பலர் ஏழாம் மாதத்தில் முதல்முறையாக அவரைத் தேடி வருகிறார்கள். இரத்தசோகையை அப்போது கண்டுபிடித்து என்ன பயன்? முதல் மூன்று மாதத்தில் பார்த்திருக்க வேண்டியது. அந்தச் செவிலியர் அக்கா என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார், "என் பகுதியில் எத்தனை கர்ப்பிணிகள் என்று நான் விரல் விட்டுச் சொன்ன காலம் ஒன்று இருந்தது."

28 ஆகஸ்ட்

பள்ளிக்கூடம் பற்றி நான் எதிர்பார்த்தது வேறு, நடந்தது வேறு. மனை வாங்கி வீடு கட்டியவர்களின் பிள்ளைகளால் ஊராட்சி ஒன்றியப் பள்ளி நிரம்பும் என்று நினைத்தோம். அவர்கள் மஞ்சள் வேனில் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். ஒன்றியப் பள்ளிக்கு வந்தது வீடு கட்டுகிறவர்களின் பிள்ளைகள்: ஒடிசா, பீகார், ஆந்திரத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள். தமிழ் தெரியாத குழந்தைகள் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியை படம் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இந்தக் குழந்தைகள் தவறாமல் வருகிறார்கள் என்றார். கட்டடம் முடிந்ததும் குடும்பம் அடுத்த ஊருக்குப் போய்விடும். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும்.

இந்தக் குழந்தைகளைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். யாராவது தொடங்கினால் நானும் எழுதுகிறேன்.

3 செப்டம்பர்

கோபப்பட்டு ஒருவர் எழுதியிருக்கிறார், "நீங்கள் எல்லாம் நிலத்தை விற்றுப் பணம் பார்த்துவிட்டு, வாங்கியவர்களைக் குறை சொல்கிறீர்கள்" என்று.

நியாயமான கோபம். ஆனால் விற்றவர்கள் ஏன் விற்றார்கள் என்பதையும் கேளுங்கள். மேல்மடைக்காரர், அதாவது கால்வாய்த் தண்ணீர் முதலில் வருகிற வயல்காரர், விற்று மண் கொட்டினார். கால்வாய் அடைபட்டது. கீழ்மடைக்காரருக்கு ஏரித் தண்ணீர் வராமல் போனது. இரண்டு போகம் தரிசாய்க் கிடந்தது. மூன்றாவது ஆண்டு அவரும் விற்றார். முதல் நிலம் ஆசைக்கு விற்றது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அதற்கு அடுத்தவை எல்லாம் வேறு வழியில்லாமல் விற்றவை.

வாங்கியவர்களையும் நான் குறை சொல்லவில்லை. இருபது ஆண்டுக் கடனில், மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னது 24 மணி நேரமும் தண்ணீர், பதினைந்து நிமிடத்தில் ரயில் நிலையம்.

9 செப்டம்பர்

சுடுகாட்டுப் பிரச்சினை வேறு ஊர்களிலும் இருக்கிறதா? எங்கள் மயானம் தலைமுறைகளாக வயல் நடுவில் இருந்தது. இப்போது மூன்று பக்கமும் வீடு. புகை வருகிறது, குழந்தைகள் பயப்படுகிறார்கள், மாற்ற வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். பறையடித்துச் சவம் எடுத்துப் போன பாதையில் இப்போது ஒரு மனைப்பிரிவின் இரும்புக் கதவு. போன மாதம் ஓர் இறப்பின்போது கதவைத் திறக்கச் சொல்லி நடுத்தெருவில் பாடையோடு நின்றார்கள். திறந்துவிட்டார்கள், சண்டை இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அந்த வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வரைபடத்தில் மயானப் பாதை புறம்போக்காக இருந்தால் அதை எவரும் மூடக் கூடாது. அனுமதி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

16 அக்டோபர்

மழை. நேற்று முழுக்கத் தெருவில் முழங்கால் தண்ணீர். இதற்கு முன் எங்கள் பழைய ஊருக்குள், அதுவும் ஏரிக்கு மேலே இருக்கிற நத்தத்தில், தண்ணீர் நின்றதே இல்லை.

காலையில் நானும் இரண்டு பேரும் கால்வாய் வழியே நடந்து பார்த்தோம். பழைய வரத்துக்கால்வாய், இரண்டு ஆள் அகலம். ஒரு மனைப்பிரிவின் மதிலுக்கு அருகே வரும்போது ஒரே ஒரு சிமெண்ட் குழாய்க்குள் நுழைகிறது. ஓர் அடி விட்டம் இருக்கும். அதன் வாயில் ஒரு தலையணை, வாழைமட்டை, பாலிதீன் பைகள். மதிலின் இந்தப் பக்கம் தண்ணீர் இடுப்பளவு. அந்தப் பக்கம் கால் நனையவில்லை. எங்களோடு வந்த பையன் கடப்பாறையால் தலையணையைக் குத்தி இழுத்தான். சத்தத்தோடு தண்ணீர் போயிற்று. ஆனாலும் அந்தக் குழாயால் எவ்வளவு போக முடியும்?

17 அக்டோபர்

ஒருவர், "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் எல்லாரும்தான் மூழ்குவார்கள், 2015 மாதிரி" என்று எழுதியிருக்கிறார். இதைத் திருத்தியாக வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமில்லை. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே, அதாவது அந்த ஊர்களைத் தாண்டிக் கீழே. இவற்றுக்கு வந்த வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கல் வழிந்து வந்தது. அந்த ஏரிகளால் பாசனம் பெற்ற ஆயக்கட்டு வயல்கள் முன்பு வெள்ளத்தைத் தாங்கி, ஓரிரு நாள் வைத்திருந்து மெதுவாக வெளியே விட்டன. வயல் மனையானது. நீரைத் தாங்க இடம் இல்லை.

இன்னொன்று, யாரும் பேசாதது. மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கும்போது, பெரும்பாலும் "நிலமட்டத்தை இவ்வளவு உயர்த்து" என்ற நிபந்தனை இருக்கும். அந்த மனைக்கு அது சரியான பாதுகாப்பு. முதலில் வந்தவர் இரண்டடி உயர்த்துகிறார். அடுத்தவர் அவரைவிட உயர்த்துகிறார். உயர்த்த முடியாமல் நடுவில் இருப்பது பழைய ஊர்.

பட்டா நிலத்துக்குள் ஓடிய சிறு கால்வாய்கள் புல வரைபடத்தில் பல இடங்களில் இல்லவே இல்லை. வரைபடத்தில் இல்லாததால் அதிகாரிக்கும் அது இல்லை. எங்கே ஓடியது என்று தெரிந்த, வயல்களுக்கு ஏரிநீரைப் பங்கிட்டு விட்ட நீர்க்கட்டிகள் இப்போது எண்பதைத் தொட்டுவிட்டார்கள். இந்த மாதத்திலேயே அவர்களை அழைத்துக்கொண்டு நடந்து, கைப்பேசியில் குறித்துக்கொள்ளப்போகிறோம்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் எங்களை அவ்வளவாகத் தொடவில்லை. மயிலத்தில் கொட்டியது இங்கே கொட்டியிருந்தால் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

நல்ல செய்தி ஒன்று. அந்த ஓரடிக் குழாய் மதில் மனைப்பிரிவின் குடியிருப்போர் சங்கத்தார் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர்களே முன்வந்து மதிலைப் பத்தடி நீளத்துக்கு உடைத்துக் கால்வாயைத் திறந்துவிட்டார்கள். முதியவர்கள் காட்டிய தடத்தை அவர்களுக்குக் காட்டியபோது, "இது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே" என்றார் சங்கத் தலைவி. அவர் கண்ணில் கோபம் எங்கள் மேல் இல்லை, விற்றவர் மேல். செப்டம்பரில் நான் எழுதியதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன்: புதியவர்கள் நம் பக்கம் நிற்க வேண்டியவர்கள். வாக்காளர் அட்டையை இந்த ஊருக்கு மாற்றி, கிராம சபையில் அவர்களும் கை தூக்கினால் மொத்தக் கணக்கு பேசப்படும்.

8 டிசம்பர்

"பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாற்றினால் தீர்ந்துவிடுமே?" கேட்டவர்களுக்கு: 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904க்கு விரித்தார்கள். எல்லைக்கோடு நகர்வது எளிது. நகராட்சியானால் நூறு நாள் வேலை என்று சொல்கிற ஊரக வேலைத் திட்டம் நின்றுவிடும். எங்கள் ஊரில் அதை நம்பியிருக்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். வரி உடனே ஏறும், கழிவுநீர்க் குழாய் எப்போது வரும் என்பதற்குத் தேதி இல்லை. எனக்கு இதில் இன்னும் தீர்மானமான கருத்து இல்லை. செவிலியர் அக்காவைக் கேட்டால் மாறட்டும் என்பார். நூறு நாள் வேலைக்குப் போகிற அத்தையைக் கேட்டால் வேண்டாம் என்பார். இருவரும் சொல்வது சரி.

12 ஜனவரி 2025

மனைப்பிரிவில் ஊராட்சிக்கு ஒதுக்கிய திறந்தவெளி நிலம் ஊராட்சி பெயருக்கு வந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அனுமதி எண்ணை மனை விற்ற விளம்பரத் தாளிலேயே போட்டிருப்பார்கள். அதை வைத்து அங்கீகரித்த வரைபடத்தின் படியை வாங்குங்கள். பூங்கா, சாலை என்று குறித்த சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். வந்தால் சார்பதிவாளரிடம் பத்திரத்தின் சான்றிட்ட நகல். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம், நிலம் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேடு. பத்திரம் ஊராட்சி பெயரில் இருந்தும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும் நிலத்தை எங்கள் ஊரில் கண்டோம். அது மறுபடி விற்கக்கூடிய நிலையில் இருந்தது. உடனே பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வருகிற 26ஆம் தேதி கிராம சபையில், இதுவரை வந்த மனைப்பிரிவுகள் அனைத்தையும், கால்வாய்களையும், மயானப் பாதையையும் ஒரே தாளில் வரைந்து வைக்கிறோம். உங்கள் ஊரிலும் செய்யுங்கள். தீர்மானத்தை வாயால் படித்ததோடு விடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவின் மாதிரி வேண்டியவர்கள் இங்கேயே கேளுங்கள், நாங்கள் கொடுத்ததைப் பதிவிடுகிறேன்.